“இன்னிக்குக் கணக்குல இல்ல தம்பி!” - லூபஸ் அசதியும் என் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகளும்

சித்தி மகள் கல்யாணம். விருதுநகரில் மண்டபம். காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொன்ன அக்கா, முகூர்த்தம் முடிந்து மூன்றாவது பந்தி எழுந்த பிறகும் வரவில்லை. “எங்கடா உங்க அக்கா?” என்று பார்ப்பவர்கள் எல்லாம் என்னிடம்தான் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மண்டபத்துக்கு வெளியே வந்து போன் போட்டேன்.

“எந்திரிக்க முடியலப்பா. ரொம்ப அசதியா இருக்கு.”

“நேத்தும் இதையேதான் சொன்ன. ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு போன வாரம்தான் டாக்டர் சொன்னாரு. மாத்திரையும் ஒழுங்கா சாப்பிடுற. அப்புறம் என்ன அசதி? சோம்பேறித்தனம்னு சொல்லு.”

மறுமுனையில் பதில் இல்லை. கொஞ்ச நேரம் டி.வி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டானது.

பத்து வருடம் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னி, அந்தக் கூலியில் என்னை ஜர்னலிசம் டிப்ளமோ வரை படிக்க வைத்தவள் அவள். அவளைத்தான் சோம்பேறி என்றேன்.

வெயிலுக்கு வந்த தடிப்பு

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ‘ஃபேக்டரி’ என்று சொல்லமாட்டோம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான். அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்திருந்த அக்கா, 2009-ல் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறினாள். ஷெட்டில் மின்விசிறி கிடையாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெடிகளைச் சணலில் கோத்துச் சரமாகப் பின்னுவது அவள் வேலை. எவ்வளவு பின்னுகிறாளோ அவ்வளவு கூலி. கல்யாணமான பிறகும் போனாள். குழந்தை பிறந்து, பால் மறக்கடித்த பிறகும் போனாள்.

2018 கோடையில் முகத்தில் சிவப்பாகத் தடித்தது. மூக்குத் தண்டில் ஆரம்பித்து இரண்டு கன்னத்துக்கும் பரவியிருந்தது. வெயில் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்கள். பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கியது. சிக்குன்குனியா என்றார் ஒருவர், முடக்குவாதம் என்றார் இன்னொருவர். சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாமியார் வீட்டில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படியே போய், 2019-ல் மதுரை பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொன்னார்கள்: சிஸ்டமிக் லூபஸ் எரித்மடோசஸ். சுருக்கமாக எஸ்.எல்.இ. இன்னும் சுருக்கமாக லூபஸ்.

கிருமியிடமிருந்து உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, நம் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். வேலியே பயிரை மேய்கிற கதை. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், நுரையீரல், மூளை என எதையும் அது தொடலாம். லூபஸ் வருகிற 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதில் இருப்பவர்கள். பரம்பரைக் கூறு, ஹார்மோன், வெயில், சூழல் எனப் பல காரணங்கள் சேர்ந்து வருவது. “பட்டாசு மருந்தால வந்ததா?” என்று நாங்கள் கேட்டபோது, “இதுதான் காரணம்னு ஒண்ணைக் கை காட்ட முடியாது. ஆனா, இனிமே வெயில் ஆகாது” என்றார் டாக்டர்.

வெயில் ஆகாது என்றால் சிவகாசியில் எங்கே போவது? மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்தக் கரிசல் மண்ணில் காலூன்றின. எங்கள் ஊருக்குச் சோறு போட்டதே வெயில்தான். அக்கா சரம் பின்னுவதை விட்டுவிட்டு, காலண்டர் பைண்டிங் செய்யும் இடத்தில் சேர்ந்தாள். அங்கே தலைக்கு மேல் கூரை உண்டு, மின்விசிறியும் உண்டு. ஆனால் கூலி என்னவோ அங்கேயும் பீஸ் ரேட்தான்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் கொஞ்சம் ஸ்டீராய்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டில் முகம் உப்பியது. “நல்லா சதை போட்டு, தெளிஞ்சுட்டாளே” என்றார்கள் தெருவில். 2020 மார்ச் மாதம் அதே ஹைட்ராக்சிகுளோரோகுயினை கொரோனாவுக்கான மருந்தென்று உலகமே தேட ஆரம்பித்தது. கடைகளில் ஸ்டாக் இல்லை. ஊரடங்கில் பஸ்ஸும் இல்லை. நான் சைக்கிளில் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தேன். மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு ஒப்பேற்றினாள் அக்கா. மாத்திரைக்காக அப்படி அலைந்தவன்தான், நான்கைந்து வருடம் கழித்து மண்டப வாசலில் நின்று அவளைச் சோம்பேறி என்றேன். மாத்திரை கிடைத்துவிட்டால் நோய் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாவது ஸ்லைடு

கல்யாணம் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. மே 10, உலக லூபஸ் தினம். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு ஒரு வேலை வந்தது. லூபஸ் பற்றி ஏழு ஸ்லைடுகளில் ஒரு தொகுப்பு. முதல் ஸ்லைடில் செலினா கோமஸ் படம். லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, தோழி தந்த சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டதாக 2017-ல் அவர் சொன்ன செய்தி. அடுத்து பட்டாம்பூச்சித் தடிப்பு, மூட்டுவலி, முடி உதிர்தல். ஐந்தாவது ஸ்லைடில் ஒரே வரி: ‘உடல் சோர்வும் இருக்கலாம்.’

சரிபார்ப்பதற்காக, லூபஸ் நோயாளிகளோடு பல வருடங்களாக வேலை பார்க்கும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போனில் படித்துக் காட்டினேன். அன்றாட வேலைகளை நோயோடு எப்படிச் செய்வது என்று கற்றுத்தருவதுதான் அவர்கள் பணி. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“எல்லாம் சரியா இருக்கு. ஆனா, எதுல ரொம்பக் கஷ்டப்படுறீங்கன்னு நோயாளிகளைக் கேட்டா, நிறைய பேர் முதல்ல சொல்றது அசதியைத்தான். நீங்க அதை அஞ்சாவதா போட்டு, ‘இருக்கலாம்’னு வேற எழுதியிருக்கீங்க.”

எனக்கு மண்டப வாசல் ஞாபகம் வந்தது. ஸ்லைடை விட்டுவிட்டு அக்காவைப் பற்றிக் கேட்டேன். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போதும் அசதி இருக்குமா?

“இருக்கும். இது வேலை செஞ்ச களைப்பு இல்ல. தூங்கி எழுந்தா போயிடாது. வைரஸ் காய்ச்சல்ல படுத்திருக்கப்போ எழுந்து பல்லு தேய்க்கவே மலைப்பா இருக்கும்ல, அதை நினைச்சுக்கோங்க. நோய் அடங்கியிருக்கப்போகூட சிலருக்கு அது மட்டும் விடாது. பார்க்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது. அதனாலதான் வீட்டுல திட்டு வாங்குறாங்க.”

முதலில் அசதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்க்கச் சொன்னார். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, சிறுநீரகப் பிரச்னை, தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றில் எது இருந்தாலும் அசதியைக் கூட்டும். அடுத்த முறை மதுரைக்குப் போனபோது கேட்டுப் பார்த்தோம். அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. அதற்கு மருந்து தொடங்கினார்கள். “மீதிக்கு என் குரூப்புக்கு வரச் சொல்லுங்க” என்றார் தெரபிஸ்ட்.

லூபஸ் உள்ள பெண்களுக்காக வீடியோ காலில் அவர் நடத்தும் சிறிய குழு. ஆறு வாரம், ஞாயிறுதோறும் மதியம் ஒன்றரை மணி நேரம். முழுக்கத் தமிழில், கட்டணம் இல்லை.

“தம்பி, நீங்க வெளிய இருங்க”

முதல் ஞாயிறு நான் ஊருக்கே போயிருந்தேன். என் பழைய போனை அக்காவுக்குக் கொடுத்து, ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து, அரிசி டின்மேல் சாய்த்துவைத்தேன். கட்டங்களில் ஏழு பெண்கள். பாதிப் பேர் கேமராவை ஆஃப் செய்திருந்தார்கள். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எழுத நல்ல விஷயம் கிடைத்துவிட்டதே!

தெரபிஸ்ட் கவனித்துவிட்டார். “போனை செட் பண்ணிக் கொடுத்ததுக்கு நன்றி தம்பி. இனி நீங்க வெளிய இருங்க. இங்க பேசுறது இங்கயே இருக்கணும்.”

திண்ணைக்கு வந்து உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே அக்காவின் மாமியார் இருந்தார். ஆகவே, இந்தக் கட்டுரையில் இருப்பவை எல்லாம் அக்கா பிறகு என்னிடம் சொன்னவை, அவள் எழுதலாம் என்று அனுமதித்தவை மட்டுமே. “மத்தவங்க கதைய எழுதாத. அது அவங்களோடது” என்று சொல்லிவிட்டாள். எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம் என்றாள். முதல் நாள் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, ஏழு பேரில் ஐந்து பேர் ஒரே வார்த்தையைச் சொன்னார்களாம். வீட்டில் தங்களுக்குக் கிடைத்த பட்டம்: சோம்பேறி.

அதைச் சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “சரி விடு, நீ மட்டுமா சொன்ன” என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

ஸ்பூனும் அட்வான்ஸும்

இரண்டாவது வாரம் தெரபிஸ்ட் ஒரு கதை சொல்லியிருக்கிறார். கிறிஸ்டின் மிசராண்டினோ என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு லூபஸ். ‘உனக்கு எப்படித்தான் இருக்கும்?’ என்று ஓர் உணவகத்தில் தோழி கேட்க, மேசையிலிருந்த ஸ்பூன்களை எல்லாம் அள்ளி அவள் கையில் கொடுத்திருக்கிறார். இவைதான் இன்றைக்கு உன் சக்தி. குளித்தால் ஒன்று போச்சு. உடை மாற்றினால் ஒன்று போச்சு. மற்றவர்களுக்கு எண்ணிக்கை இல்லாமல் ஸ்பூன்; எனக்கு எண்ணித்தான். 2003-ல் அவர் இதை எழுதிய பிறகு, தீராத நோயோடு வாழும் பலர் உலகம் முழுக்கத் தங்களை ‘ஸ்பூனி’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அக்கா, முதல்முறையாக மியூட்டை எடுத்துப் பேசியிருக்கிறாள். “மேடம், எங்க ஊர்ல இதுக்கு அட்வான்ஸ்னு பேரு.”

சிவகாசிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். அவசரச் செலவுக்கு ஆபீஸில் அட்வான்ஸ் வாங்குவோம். வாங்கும்போது கை நிறையத்தான் இருக்கும். பிறகு வாராவாரம் சனிக்கிழமைக் கூலியில் பிடிப்பார்கள். எவ்வளவு உழைத்தாலும் கைக்கு வருவது சொற்பமாகத்தான் இருக்கும். நல்லா இருக்கிற ஒரு நாளில் வீட்டை எல்லாம் ஒட்டடை அடித்து, மூட்டைத் துணியைத் துவைத்து, மாவாட்டி முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதும் அதேதான் என்றாள் அக்கா. நாளைய சக்தியை இன்றைக்கே அட்வான்ஸாக வாங்கிச் செலவழிக்கிறோம். பிடித்தம் நாளைக்கு வரும்.

அதற்கப்புறம் அந்தக் குழுவில் ஸ்பூன் பேச்சே இல்லையாம். எல்லோருக்கும் அட்வான்ஸ் கணக்குதான். “இன்னிக்கு அட்வான்ஸ் வாங்கலைல்ல?” என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்களாம்.

தண்ணீர் வந்த மறுநாள்

கணக்குப் பார்க்கச் சொல்லித்தான் முதல் வீட்டுப்பாடமே. ஒரு நோட்டில், ஒவ்வொரு இரண்டு மணி நேரமும் என்ன செய்தாள், அசதிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டும். அக்கா மகளின் பழைய ரஃப் நோட்டில் எழுதினாள். பீஸ் கணக்கு எழுதிப் பழகிய கை அல்லவா, ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இரண்டு வாரம் எழுதிய பிறகு, நோட்டைக் காட்டி தெரபிஸ்ட் கேட்டிருக்கிறார்: “இங்க ஒன்பது, அப்புறம் இங்க ஒன்பது, இங்கயும் ஒன்பது. இந்த நாளுக்கெல்லாம் முந்தின நாள் என்ன நடந்துச்சு?”

அக்கா யோசித்துப் பார்த்தாள். மூன்றும் தண்ணீர் வந்த மறுநாள்கள்.

எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. சில நாள் இடைவெளி விட்டுத்தான் வரும். வந்தால், குடம் குடமாகப் பிடித்து, வீட்டில் இருக்கும் அத்தனை பாத்திரத்தையும் நிரப்ப வேண்டும். அக்கா அதைத் தனியாகவே செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் வந்த கையோடு துணியையும் துவைத்துவிடுவாள். அன்றைக்கு எதுவும் தெரியாது. மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியாது. சித்தி மகள் கல்யாணத்துக்கு முந்தைய நாளும் தண்ணீர் வந்த நாள்தானாம். மண்டபத்துக்கு வரும்போது கட்டலாம் என்று பட்டுச் சேலையை எடுத்துவைத்துவிட்டுப் படுத்தவள், காலையில் எழ முடியவில்லை.

எட்டாயிரம் பேர் பார்க்கிற ஸ்லைடு செய்கிறவன் நான். அந்த ஒரு கேள்வியை என் அக்காவிடம் நான் கேட்டதே இல்லை. முந்தின நாள் என்ன செஞ்சே?

அதன் பிறகு தண்ணீர் நாளில் பெரிய குடத்தை மச்சான் தூக்குகிறார். அக்கா அரைக்குடம்தான். துவைப்பது மறுநாளைக்கும் அடுத்த நாளைக்கும் பிரிந்தது. காய்கறி நறுக்குவதும் துணி மடிப்பதும் உட்கார்ந்தபடி. உயரத்தில் இருந்த மளிகை டப்பாக்கள் கைக்கெட்டும் தட்டுக்கு இறங்கின. கேட்டால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். அசதி ஒன்பதில் இருப்பவர்களுக்கு இதுதான் விஷயம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வீடியோ காலில் பேசினால் அசதி போகுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. தேடிப் படித்தேன்.

பிரிட்டனில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ராஃப்ட் என்ற ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. முடக்குவாத நோயாளிகளை சிறு குழுக்களாக உட்காரவைத்து, அசதியைச் சமாளிக்கும் வழிகளைச் செவிலியர்களும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் கற்றுத்தந்தார்கள். அசதி தங்கள் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தினர் நடத்திய லிஃப்ட் ஆய்வு 2022-ல் வெளியானது. இதில் லூபஸ் நோயாளிகளும் உண்டு; மொத்தம் 367 பேர். ஒரு பிரிவினருக்கு அவரவர் உடம்புக்கேற்ற உடற்பயிற்சித் திட்டம், இன்னொரு பிரிவினருக்கு சிந்தனையையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள உதவும் பேச்சு சிகிச்சை. எல்லாமே போனில்தான். ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த இரண்டு பிரிவினருக்கும் அசதி குறைந்திருந்தது. அயர்லாந்தின் டப்ளினில் லூபஸ் நோயாளிகளுக்கென்றே ஆறு வாரக் குழுப் பயிற்சி ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய மூட்டு, தசை நோய் மருத்துவர்களின் கூட்டமைப்பான யூலாரும் தன் 2023 பரிந்துரைகளில், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் அசதியைப் பற்றித் தவறாமல் கேட்க வேண்டும், உடற்பயிற்சியும் இத்தகைய பயிற்சிகளும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது.

இவை எதுவும் மாத்திரைக்கு மாற்று இல்லை. மாத்திரையோடு சேர்த்துச் செய்வது. அசதி முற்றிலும் போய்விடும் என்றும் யாரும் சொல்லவில்லை. குறையும், சமாளிக்க முடியும் என்கிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பொருந்தாதவை

ஆனால், அந்த ஆய்வுகளில் இருக்கும் பெண்களுக்கும் என் அக்காவுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அது பீஸ் ரேட்.

“ஒரு மணி நேரம் வேலை பார்த்தா பத்து நிமிஷம் ரெஸ்ட் எடுங்க” என்றபோது அக்கா சிரித்துவிட்டாளாம். ஒரு நாளில் ஏழெட்டுப் பத்து நிமிடங்கள் போனால், அந்தப் பணத்தை யார் தருவார்கள்? அதுவும் ஆடிப் பதினெட்டுக்குப் புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால், அப்புறம் டிசம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது.

தெரபிஸ்ட் யோசித்து வேறு வழி சொன்னார். வேலையை நிறுத்தாமல் வேலையை மாற்றுவது. கட்டுகளைத் தூக்கி அடுக்குவதைக் காலையிலேயே முடித்துவிட்டு, அசதி ஏறும் மதியத்தில் உட்கார்ந்து ஒட்டும் வேலை. பக்கத்தில் வேலை பார்க்கும் அக்காவிடம் பேசி, வேலையை மாற்றிக்கொண்டார்கள். முழுசாகத் தீரவில்லை. சனிக்கிழமை வேலைக்குப் போவதை மாதத்தில் இரண்டு முறை விட வேண்டியிருந்தது. அந்தக் கூலி போனது போனதுதான். அதை நான் இப்போது அனுப்புகிறேன். ‘உதவி’ என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். “குடுத்த அட்வான்ஸைப் பிடிக்கிறேன்னு வெச்சுக்கோ” என்பாள்.

உடற்பயிற்சி என்றதும் எல்லோருக்கும் பயம். நடக்கவே முடியவில்லை, இதில் பயிற்சியா? ஆனால், படுத்தே கிடந்தால் தசை வலுவிழந்து அசதி இன்னும் கூடும். ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்து, உடம்பு ஏற்றுக்கொண்டால் மட்டும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். வெயில் ஆகாது என்பதால் அக்கா பொழுது சாய்ந்த பிறகு தெருக்கோடிக் கோயில் வரை நடந்தாள். “ராத்திரில எங்க போறா?” என்று தெருவில் கேட்டதும் நடந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்ததும் கேள்வி நின்றது.

ஏழு பேரோடு தொடங்கிய குழுவை ஐந்து பேர்தான் முடித்தார்கள். ஒருவருக்கு, வீட்டில் இருப்பதே ஒரு போன். கணவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இன்னொருவர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. ஆன்லைன் என்றால் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

திண்ணையில் இருந்த அத்தை

ஐந்தாவது வாரம், வீட்டில் இருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்பது பாடம். அந்த வாரமும் அத்தை திண்ணையில்தான் இருந்தார். ஜன்னல் வழியாக எல்லாம் காதில் விழும். ஆறேழு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் கட்டை அடுக்க ஆரம்பித்தவர் அவர். பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்.

“நாங்கள்லாம் அசதின்னு படுத்திருந்தா அடுப்பு எரிஞ்சிருக்குமா?” என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார். “படுக்க விடலையே... அதனால எந்திரிச்சோம்.”

அவர் மாறிவிட்டார் என்றெல்லாம் எழுதமாட்டேன். இன்றைக்கும் “எந்நேரமும் நோட்டுல என்னத்தையோ எழுதிக்கிட்டு” என்று முணுமுணுக்கிறார். ஆனால், அந்த வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் தண்ணீர் வந்தபோது, பெரிய குடத்தைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், அத்தை அதைப் பரண்மேல் ஏற்றிவைத்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ரெண்டு மார்க்

ஆறு வாரம் முடிந்தபோது அக்காவின் நோட்டில் அசதி சராசரியாக எட்டிலிருந்து ஆறுக்கு வந்திருந்தது. ரத்தசோகை மருந்துக்கும் அதில் பங்குண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“ரெண்டு மார்க்தானேக்கா, அதுல என்ன கிடைச்சுச்சு?” என்று கேட்டேன்.

“காலைல பிள்ளைக்கு ரெட்டை ஜடை பின்னிவிட முடியுது” என்றாள். அதுவரை மகளுக்குப் பக்கத்து வீட்டில்தான் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்துவிட்டுப் போனதில் மறுபடி மூட்டு வீங்கி, ஒரு வாரம் படுத்தாள். லூபஸ் அப்படித்தான், ஏறி இறங்கும். இந்த முறை மூன்றாம் நாளே மதுரைக்குப் போனாள். எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்று ஆறாவது வாரத்தில் எழுதிவைத்த தாள், மாத்திரை டப்பாவுக்குள் இருந்தது.

சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும். 2022 ஜனவரியில் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இ-சஞ்சீவனியில் போனிலேயே டாக்டரைப் பார்க்க முடிகிறது. பாதை எல்லாம் போட்டாகிவிட்டது. அசதியோடு வாழும் பெண்களுக்காக வாரம் ஒரு மணி நேரம் தமிழில் ஒரு வீடியோ கால், அந்தப் பாதையில் போக முடியாதா? லூபஸுக்கு மட்டுமல்ல. முடக்குவாதம், தைராய்டு, புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள் என அசதி பலருக்கும் பொது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்...

* நீண்ட நாள் அசதிக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு போன்றவை இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்வது முக்கியம்.
* நன்றாக இருக்கிறது என்று எந்த மாத்திரையையும், குறிப்பாக ஸ்டீராய்டை, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள், டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
* இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள். அசதி அதிகமான நாளுக்கு முந்தைய நாளைப் பாருங்கள்.
* நல்ல நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைக்காதீர்கள். பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்.
* வெயிலில் போக வேண்டியிருந்தால் குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் அவசியம்.
* காய்ச்சல், கால் அல்லது முக வீக்கம், சிறுநீரில் நுரை, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் அசதி என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* ‘நல்லாத்தானே இருக்க’ என்று சொல்வதற்கு முன், ‘நேத்து என்ன செஞ்சே?’ என்று கேளுங்கள்.

இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் அக்காவுக்குப் படித்துக் காட்ட நேற்றிரவு போன் செய்தேன். நான்கு பத்தி கேட்டாள். பிறகு, “இன்னிக்குக் கணக்குல இல்ல தம்பி. மிச்சத்தை நாளைக்குக் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் வரை காத்திருந்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். பட்டுச் சேலை இல்லையாம், சில்க் காட்டனாம்.